சந்தனம் வைத்த லைசென்ஸ்

எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே ஐந்து ஃப்ரேம்கள் வரிசையாகத் தொங்கும். மாநகராட்சித் தொழில் உரிமம், உணவு உரிமம், தராசு முத்திரைச் சான்று, வரிப் பதிவு, தீயணைப்புக் கடிதம். ராயபுரத்தில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. ஆயுத பூஜை அன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்த கையோடு இந்த ஃப்ரேம்களுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். மாமியார் சிரிக்கவில்லை. இந்தக் காகிதம் இல்லாவிட்டால் கடை ஏது, சோறு ஏது என்று கேட்டார். அடுத்த வருஷத்திலிருந்து சந்தனம் குழைப்பது என் வேலையாகிவிட்டது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்பு இந்தச் சுவரிலிருந்துதான் ஆரம்பித்தது.

பிள்ளைகள் இரண்டும் கல்லூரிக்குப் போன பிறகு நான் தபாலில் சைக்காலஜி எம்.ஏ. முடித்தேன். அதற்கு மேல் கவுன்சலிங்கில் ஆறு மாத டிப்ளமா, சனி ஞாயிறு வகுப்பு. முறையாகப் பெரியவர்கள் மேற்பார்வையில் நோயாளிகளோடு பயிற்சி எடுத்து, கவுன்சிலில் பெயர் பதிந்தவர்கள்தான் சிகிச்சை என்று பேசலாம் என்பதை அங்கே முதல் நாளே சொன்னார்கள். எனவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு எந்தப் பதிவு, யாரிடம் வாங்குவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தக் குழப்பம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கடைக்கு மேலே மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து தரும்படி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சந்தோஷமாகக் கொடுத்தார். சுண்ணாம்பு அடித்து, மின்விசிறி மாட்டி, நாற்காலி போட்ட பிறகு லைசென்ஸ் என்ன என்று கேட்டார். வியாபாரி ஆயிற்றே, கேட்காமல் இருப்பாரா? இதற்கு எங்கள் மாதிரி ஆளுக்கெல்லாம் லைசென்ஸ் கிடைக்காது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் ராயபுரத்தில் இருந்தும் தூத்துக்குடிப் பேச்சு மாறாத மனிதர் அவர்.

"கட்டடம் நம்மது, லைசென்ஸும் நம்மது. மாடியையும் அதுல சேத்துட்டாப் போச்சு. எதுக்குட்டி பயப்படுத?" என்றார்.

சொன்னபடி கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது முதல் மாடியையும் சேர்த்து எழுதி வாங்கிவிட்டார். அதைக் கலரில் ஒரு நகல் எடுத்து, ஃப்ரேம் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, அவரே சந்தனமும் குங்குமமும் வைத்தார். மேலே மாநகராட்சிச் சின்னம் பெரிதாக இருக்கும். கீழே சிவப்பு வட்ட முத்திரை. நடுவில் பொடி எழுத்தில் "மளிகை மொத்த விற்பனை, தரைத்தளம் மற்றும் முதல் தளம்" என்று இருக்கும். எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு முத்திரை தெரியும், பொடி எழுத்து தெரியாது. எனக்கு முதுகு கூசியது. ஆனால் எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆட்கள் வந்தார்கள். கடைத்தெரு மருமகள்கள், பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள், குடிகாரப் புருஷனைத் திட்டி அழ இடம் தேடிய பெண்கள். நான் நன்றாகத்தான் பேசினேன், நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் மூன்று வருஷமும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாடிப்படி மரப்படி. செருப்புச் சத்தம் வந்தால் நம் தெரு ஆள். ஷூ சத்தம் வந்தால் அதிகாரிதான் என்று நினைப்பேன். எதிரே அழுகிறவர் என்ன சொல்கிறார் என்பதே காதில் ஏறாது. அந்த ஷூ இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுடையது என்று தெரிகிற வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தெரு முனையில் காலையில் மீன் கூறு வைக்கும் ஒரு பெண் உண்டு. எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருவாள். வியாபாரம் முடிந்ததும் எங்களிடம்தான் அரிசி வாங்குவாள். ஒரு நாள் கல்லா அருகில் நின்றபடி புருஷனைப் பற்றிச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு இல்லாத ஆட்கள் பேசுவது காதில் கேட்க ஆரம்பித்ததாம். ஒரு நாள் பட்டப்பகலில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, கட்டிய லுங்கியோடு முகத்துவாரத் தண்ணீருக்குள் நடந்து போய்விட்டார். வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தார்களாம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் உடம்பு விறைத்துப்போய், கை நடுங்கி, கயிறு பிடிக்க முடியாமல் ஆகிவிட்டது. மீன்பிடி லாஞ்சில் இப்போது அவரை வேலைக்கு ஏற்றுவதில்லை.

"ஆம்பள வூட்லயே குந்திகினு கீறாரு மேடம். பேஜாரா கீது. நீங்க ஒருவாட்டி பேசிப் பாருங்களேன்" என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். கை நடுங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லு, மாத்திரையை மாற்றித் தருவார்கள் என்று. அதைச் சொல்ல நான் படித்த படிப்பே போதும். ஆனால் அத்தனை பேர் நடுவில் ஒருத்தி என்னை நம்பிக் கேட்கிறாள் என்பதில் எனக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. வியாழக்கிழமை கூட்டிவா என்றேன்.

அவர் நாற்பது வயசுக்காரர். நல்ல உயரம். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வந்தார். அறைக்குள் வந்ததும் என்னைக் கும்பிடவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போய், நடுங்குகிற விரலால் அந்த ஃப்ரேமின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலில் ஒட்டிய குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தார். ஒவ்வொரு வியாழனும் அப்படித்தான். டாக்டரம்மா என்றார். நான் டாக்டர் இல்லை என்று முதல் நாள் சொன்னேன். படித்தவர்கள் தங்களைப் பற்றிக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று அவர் மனைவி சிரித்தாள். அதற்கப்புறம் நான் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் கடலைப் பற்றிப் பேசினார். நான் மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தேன். தூக்கம், சாப்பாடு, வீட்டில் சண்டை என்று எல்லாம் பேசினோம். ஆறாவது வாரம் வாய்விட்டுச் சிரித்தார். எட்டாவது வாரம் மனைவியைக் கேலி செய்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்றுதான் அவர் கேட்டார்.

"நீங்க பேசுறதே போதும் போல கீது டாக்டரம்மா. மாத்திரை இன்னும் வோணுமா?"

ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் சொன்னது இது: "இப்படியே நல்லா இருந்தா, போகப் போக நிறுத்திடலாம்." சொன்ன நிமிஷமே உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. திருத்திச் சொல்வதற்குள் அவர் எழுந்து ஃப்ரேமைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அடுத்த வியாழன் வருவதற்குள் வேறொன்று நடந்தது. மாத்தூர்ப் பக்கம் பதிவே இல்லாமல் நடந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்ததாகப் பேப்பரில் வந்தது. வீட்டையே இல்லமாக்கி, ஆட்களைக் கம்பிக்குள் அடைத்து வைத்திருந்தார்களாம். வடசென்னையில் மனநலம் என்று போர்டு போட்ட எல்லா இடத்தையும் பார்க்கப் போவதாகச் செய்தி. நான் யாரையும் அடைக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பலிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. போலீஸ் வண்டி தெருவில் போனால் ஜன்னலை மூடினேன். பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமே என்று பயந்தேன். கடை பெயர் பேப்பரில் வருவதாக நினைத்து நினைத்துக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்காரருக்கு இது தராசு முத்திரை பார்க்க ஆள் வருகிற மாதிரிதான். பதறவே இல்லை. போர்டைக் கழற்றினார். நாற்பது அரிசி மூட்டையை மேலே ஏற்றி அறையில் அடுக்கினார். என் கவுன்சலிங் நோட்டுகளைக் காலிச் சீனிச் சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்தார். ஃப்ரேமை மட்டும் எடுக்கவில்லை. மளிகை மொத்த விற்பனை, முதல் தளம் என்று அதில் இருக்கிறது, அறையில் மூட்டை இருக்கிறது, இனி எவன் வந்தால் என்ன என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. என்னிடம் வந்துகொண்டிருந்த எல்லாருக்கும் போன் செய்து கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றேன். மீன்காரப் பெண்ணுக்கும் அப்படியே சொன்னேன். உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மேலே மூட்டைகளுக்கு நடுவில் என் நாற்காலியை எடுக்கப் போயிருந்தேன். படியில் செருப்புச் சத்தம். அந்தப் பெண்தான், கையில் சங்கரா மீன் பையோடு. முகமெல்லாம் சிரிப்பு. புருஷன் லாஞ்சில் ஏறிவிட்டாராம். காசிமேட்டிலிருந்து கிளம்பி நாலு நாள் ஆகிறதாம். மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. கை நடுக்கமே இல்லை, விறைப்பும் இல்லை என்றாள்.

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"அதான் நீங்க சொன்னீங்களே. அன்னிக்கே நிறுத்திட்டாரு" என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் தூங்கினாரா என்று கேட்டேன். தூக்கம் குறைவுதானாம். கரையில் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். யாரோடு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். கடலைப் பார்த்துப் பேசினார், சந்தோஷத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் சிரிப்பு நின்றது.

மூட்டை மேல் உட்கார்ந்தேன். முழங்கால் தண்ணீரில் கூப்பிட்ட குரலுக்கே நடந்து போனவர். இப்போது நாலு பக்கமும் கடல், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். என் வாயால் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் போயிருக்கிறார். கடவுளே, கடவுளே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய போனுக்கு அடித்துப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே.

அப்போது படியில் ஷூ சத்தம் கேட்டது.

இரண்டு பேர். கோப்பு வைத்திருந்த ஓர் அதிகாரி, அவரோடு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா. அந்த அம்மா அரசு மனநல மருத்துவர் என்று அதிகாரி அறிமுகம் செய்தார். பின்னாலேயே வீட்டுக்காரர் இரண்டு இளநீரோடு ஏறி வந்தார். இது குடோன், யாரோ தப்பாக மனுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி சுவருக்குப் போய்ப் பொடி எழுத்தைப் படித்தார். அந்த அறையில் அதைக் கிட்டப் போய்ப் படித்த முதல் ஆள் அவர்தான். மூட்டைகளைப் பார்த்தார். விலாசம் மாறியிருக்கும் போல என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவர்கள் போய்விட்டால் நான் தப்பித்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சும்மா இரு என்றார். மீன்காரப் பெண் ஒன்றும் புரியாமல் பையைப் பிடித்தபடி நின்றாள். பையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அந்த அம்மா முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"நான்தான் மேடம் இங்க கவுன்சலிங் பண்றேன். எனக்குப் பதிவு கிடையாது. என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டுக் கடலுக்குப் போயிருக்கார்" என்றேன்.

வீட்டுக்காரர் இளநீரை மூட்டை மேல் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்து, என்ன நோய் என்று எழுதியிருந்தார்கள், மாத்திரை பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார். எட்டு வாரம் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய அப்பா ஓட்டிய கட்டுமரத்தின் நீளம் எனக்குத் தெரியும்.

"ரெண்டு வெள்ளை, ஒரு ரோஸ்" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மீன்காரப் பெண் இடுப்புப் பையிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து நீட்டினாள். எங்கே போனாலும் அதைக் கூடவே வைத்திருப்பாளாம். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைப் படித்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. இதை ஒரேயடியாக நிறுத்தவே கூடாது, லாஞ்சு ஓனர் யார் என்று கேட்டார். மீன்காரப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா மேடம் ஆச்சு? நீங்கதான சொன்னீங்கோ?"

நான் ஆட்டோ பிடிக்கப் படியிறங்கினேன். எல்லாருமாகக் காசிமேட்டுக்குப் போனோம்.

காசிமேட்டில் ஓனர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். லாஞ்சு தூரத்தில் இருந்தது, நேராக எட்டவில்லை. நடுவில் இருந்த படகு ஒன்றுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லி, அப்படியே கை மாற்றி விஷயம் போனது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பெட்டி கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மாரியாத்தாவைக் கூப்பிட்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கிட்டப் போக எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் பதில் வந்தது. ஆள் இருக்கிறார், திரும்புகிறோம். அதோடு கட்டாகிவிட்டது. எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கரைக்கு வர மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் நடுக்கம் குறைந்துவிட்டது. அவ்வளவு சின்ன விஷயம். என்னை விசாரித்தார்கள், நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறை இப்போது நிஜமாகவே குடோன். மீன்காரப் பெண் வேறு கடையில் அரிசி வாங்குகிறாள்.

இதற்கெல்லாம் முன்னால், வயர்லெஸ்ஸில் பதில் வந்த மறுநாள் மூன்று மணிக்கு லாஞ்சு வந்தது. துறைமுகத்தில் அந்தப் பெண், ஆம்புலன்ஸோடு வந்த அந்த அரசு மருத்துவர், நான், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கூடவே வந்து நின்ற வீட்டுக்காரர். லாஞ்சு கேபினில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பிலும் மணிக்கட்டுகளிலும் நைலான் கயிறு, மறுமுனை கம்பத்தில் கட்டியிருந்தது. ரெண்டு வாட்டி பக்கப் பலகையில் கால் தூக்கிப் போட்டுவிட்டார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார், அதனால்தான் கட்டினோம் என்று லாஞ்சு டிரைவர் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்து இறக்கினார்கள். மணிக்கட்டு இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. கண் எங்கெங்கோ போயிற்று. மனைவி அழைத்ததும் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்து, அந்த உரிந்த கைகளைக் கூப்பினார்.

"டாக்டரம்மா, நீங்க சொன்னா மாதிரி ஒரு மாத்திரைகூடப் போடல."

நிஜமான டாக்டர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எட்டு வாரம் திருத்தாமல் விட்டதை அப்போதுதான் சொன்னேன்.

"நான் டாக்டர் இல்லைங்க. எனக்கு லைசென்ஸ் கிடையாது."

அவர் என்னைப் பார்த்து, பயந்துபோன ஒருவரைத் தேற்றுகிற மாதிரி தலையாட்டினார்.

"இன்னா டாக்டரம்மா இப்டி சொல்றீங்கோ. செவுத்துல கவர்மெண்டு முத்திரை கீதே. நான்தான் வாரா வாரம் தொட்டுக் கும்பிட்டுகினு வந்தேனே."